பிறர் நடுவில் வரும் பதற்றம்: அது போன பிறகு பழகுவதா, பழகிய பிறகு அது போவதா?

நிழல்மரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்குள் நடப்பதை அப்படியே எழுதுகிறேன். இதைக் கடந்து வந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

ஒரு கூட்டத்தில் எல்லோரும் வரிசையாகத் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று சொன்ன நொடியிலிருந்து, எனக்கு முன்னால் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கிவிடுவேன். பேசுகிறவர்களின் பெயர்கூடக் காதில் ஏறாது. என் பெயரையும் வேலையையும் மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பேன். முறை நெருங்க நெருங்க நெஞ்சு படபடக்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், உள்ளங்கை ஈரமாகும். பேசி முடித்து உட்கார்ந்த பிறகும் அடங்காது. குரல் நடுங்கியதா, யாராவது கவனித்தார்களா என்ற விசாரணை அப்போதுதான் தொடங்கும். தொலைபேசியில் ஒருவரை அழைக்க வேண்டுமானால் பேச வேண்டியதை முதலில் தாளில் எழுதிக்கொள்வேன். நாலு பேர் முன்னால் கோப்பையை எடுத்துக் குடிக்கக்கூடத் தயக்கம், கை நடுங்கிவிடும்.

‘தைரியமாக இரு’, ‘அவர்களும் உன்னைப் போல் மனிதர்கள்தானே’ என்ற அறிவுரைகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இந்தப் பதற்றத்தை முதலில் தணித்துக்கொண்டு, மனம் நிலைப்பட்ட பிறகு நாலு பேருடன் பழகலாம் என்று நெடுநாளாகக் காத்திருக்கிறேன். அந்த நாள் வருவதாகத் தெரியவில்லை. என் கேள்வி இதுதான்: பதற்றம் முதலில் போக வேண்டுமா, அல்லது அதை வைத்துக்கொண்டே பழகத் தொடங்க வேண்டுமா?

தொடுவானம் எழுதியது:

நண்பரே, வைத்துக்கொண்டேதான் தொடங்க வேண்டும். என் அனுபவத்தில் இயல்பு நிலை என்பது எப்போதும் பின்னால்தான் வந்தது; அது முன்னால் வரும் என்று காத்திருந்த காலமெல்லாம் பயம்தான் வளர்ந்தது. ஓர் அழைப்பைத் தவிர்த்தவுடன் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்பதை நீங்களே அறிவீர்கள். அந்த நிம்மதியே அடுத்த முறையும் தவிர்க்கச் சொல்லித் தருகிறது. போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அறியும் வாய்ப்பும் ஒவ்வொரு முறையும் கை நழுவிப் போகிறது.

உடலில் நடப்பதைப் புரிந்துகொண்டது எனக்குப் பெரிதும் உதவியது. ஆபத்து என்று மூளை கருதும்போது அட்ரினலின் சுரக்கிறது; இதயம் வேகமாகத் துடிக்கிறது; உமிழ்நீர் குறைவதால் வாய் வறள்கிறது; வியர்வை பெருகுகிறது; தசைகள் இறுகுவதால் கை நடுங்குகிறது. எதிரில் நிற்பது புலியா, அறிமுக வட்டமா என்று உடல் பேதம் பார்ப்பதில்லை. இவற்றால் கெடுதல் ஏதும் இல்லை. உச்சத்துக்குப் போனது தானாகவே இறங்கும். இறங்கும்வரை நாம் அங்கே இருக்கிறோமா, அதற்கு முன்பே எழுந்து போய்விடுகிறோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்திய வரி, பேசுகிறவர்களின் பெயர்கூடக் காதில் ஏறாது என்பது. உங்கள் கவனம் முழுவதும் உங்கள் மீதே திரும்பியிருக்கிறது. முகம் சிவப்பதைப் பற்றி எழுதிய சார்லஸ் டார்வின், தன் மீதே திரும்பும் கவனம்தான் அதற்கு வேர் என்று 1872-இலேயே சொல்லியிருக்கிறார். அங்கே அவர் ஒரு விருந்தை விவரிக்கிறார். மிகுந்த கூச்சமுள்ள ஒருவரைப் பாராட்டி நண்பர்கள் நடத்திய சிறு விருந்து அது. நன்றி சொல்ல எழுந்த அவர், மனப்பாடம் செய்து வந்த உரையை ஒரு சொல்கூட வெளியே வராமல் சைகைகளுடன் மௌனமாகவே ‘பேசினார்’. நிலைமையைப் புரிந்துகொண்ட நண்பர்கள், அவருடைய கையசைவு நின்ற இடங்களில் எல்லாம் பலமாகக் கைதட்டினார்கள். தாம் வாயே திறக்கவில்லை என்பதை அவர் கடைசிவரை உணரவில்லை. தாம் நன்றாகப் பேசியதாகவே பின்னர் ஒரு நண்பரிடம் மனநிறைவோடு சொன்னாராம். கவனம் உள்ளே பூட்டிக்கொண்டால் வெளியே நடப்பது எவ்வளவு தூரம் மறைந்துபோகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை. அந்த நண்பர்களின் அன்பையும் மறக்க முடியவில்லை.

ஆகவே அடுத்த அறிமுக வட்டத்தில் ஒன்று மட்டும் செய்து பாருங்கள். உங்களுக்கு முன்னால் பேசுகிற மூவரின் பெயரையும், அவர்கள் சொன்னவற்றுள் ஒன்றையும் நினைவில் வைத்துக்கொள்வது மட்டுமே உங்கள் வேலை. உங்கள் வரியை ஒத்திகை பார்க்க வேண்டாம். உங்கள் பெயர் உங்களுக்கு மறக்காது.

செம்பருத்தி எழுதியது:

தொடுவானம் அவர்கள் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் ‘போகப் போகப் பழகிவிடும்’ என்பது எல்லோருக்கும் பொருந்துவதாகத் தெரியவில்லை. என் வேலையே மனிதர்களோடுதான். பல ஆண்டுகளாகக் கூட்டங்களுக்குப் போகிறேன். பேச வேண்டிய இடத்தில் பேசுகிறேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் என்னைப் பயந்த சுபாவம் உள்ளவள் என்று சொல்லவே மாட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு கூட்டத்துக்கு முந்தைய இரவும் முதல் கூட்டத்துக்கு முந்தைய இரவைப் போலவே இருக்கிறது. தவிர்ப்பதுதான் பயத்தை வளர்க்கிறது என்றால், தவிர்க்காமல் போய்க்கொண்டே இருக்கும் எனக்கு அது ஏன் குறையவில்லை? இதற்கு யாராவது நேர்மையாக விடை சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கரையோரம் எழுதியது:

செம்பருத்தி அவர்களே, நான் உளவியல் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். உங்கள் கேள்விதான் இந்த இழையின் மையம் என்று நினைக்கிறேன். ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

போகிறீர்கள் என்பது உண்மை. எப்படிப் போகிறீர்கள் என்று பாருங்கள். கதவுக்கு அருகில் உள்ள இருக்கையைத் தேடுவது, ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல்வதற்கு முன் மனத்துக்குள் திருத்துவது, யாரும் கேள்வி கேட்காதபடி வேகமாகப் பேசி முடிப்பது, கை நடுக்கம் தெரியாமலிருக்கப் பேனாவை இறுகப் பிடிப்பது, இடைவேளையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நிற்பது, எதிரில் இருப்பவரிடமே கேள்வி மேல் கேள்வி கேட்டுத் தன்னைப் பற்றிய பேச்சு வராமல் பார்த்துக்கொள்வது. இவற்றில் சிலவாவது உங்களிடம் இருக்கும் என்று எண்ணுகிறேன். இவற்றைப் பாதுகாப்பு நடத்தைகள் என்கிறோம். 1995-இல் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் சமூகப் பதற்றத்துக்கு முன்வைத்த விளக்கத்தில் இவற்றுக்கு முக்கிய இடம் உண்டு.

இவற்றின் தீங்கு இரண்டு வகை. கூட்டம் நல்லபடியாக முடிந்தாலும், ‘பேனாவைப் பிடித்திருந்ததால் தப்பித்தேன்’, ‘வேகமாக முடித்ததால் தப்பித்தேன்’ என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. பேனா இல்லாமலும் ஒன்றும் ஆகியிருக்காது என்ற செய்தி உள்ளே போவதே இல்லை. ஆகவே நூறாவது கூட்டமும் முதல் கூட்டமாகவே இருக்கிறது. மற்றது இன்னும் வருத்தமானது. இந்த நடத்தைகளே நாம் அஞ்சும் விளைவைக் கொண்டுவந்துவிடுகின்றன. இறுக்கிப் பிடித்த கை மேலும் நடுங்கும். ஒவ்வொரு சொல்லையும் தணிக்கை செய்பவர் எதிரில் இருப்பவருக்கு ஒட்டாதவராகத் தோன்றுவார். கைப்பேசியில் மூழ்கியிருப்பவரிடம், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எண்ணி, யாரும் பேச வருவதில்லை. அவரோ தம்மை யாருக்கும் பிடிக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போகிறார்.

சிகிச்சையில் நாங்கள் செய்யும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். ஒருவரை ஒரே மாதிரியான உரையாடலில் இரண்டு முறை ஈடுபடுத்துவோம். முதல் முறை வழக்கமான எல்லாப் பாதுகாப்புகளோடும், தம்மைத் தாமே கவனித்துக்கொண்டும் பேசச் சொல்வோம். அடுத்த முறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, எதிரில் இருப்பவர் மீதும் பேசும் பொருள் மீதும் மட்டும் கவனம் வைத்துப் பேசச் சொல்வோம். பாதுகாப்பை விட்டால் பதற்றம் கூடும் என்றுதான் ஏறத்தாழ எல்லோரும் முன்கூட்டிச் சொல்வார்கள். பேசி முடித்ததும் பெரும்பாலோர் வியப்போடு ஒப்புக்கொள்வது, இரண்டாவது உரையாடல்தான் எளிதாக இருந்தது என்பதை. ஒளிப்பதிவைப் போட்டுக் காட்டும்போது இன்னொன்றும் தெரியும். தம் மனத்தில் அவர்கள் வைத்திருந்த உருவம், தக்காளிப் பழமாய்ச் சிவந்த முகமும் உதறும் கையும் கொண்டது. திரையில் இருப்பவரோ சற்றுத் தயங்கிப் பேசும் சாதாரண மனிதர். உள்ளே உணர்வதை அளவுகோலாக வைத்து வெளித்தோற்றத்தை ஊகிப்பதால் வரும் பிழை இது.

இந்தப் பிழை கூச்சமுள்ளவர்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. தாமஸ் கிலோவிச் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், அணியவே கூசும்படியான ஒரு படம் பொறித்த சட்டையை மாணவர்களுக்கு அணிவித்து, மற்றவர்கள் அமர்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால் பங்கினர். 2003-இல் அதே கிலோவிச்சும் கென்னத் சவிட்ஸ்கியும் மேடைப் பேச்சில் இதைச் சோதித்தார்கள். பேச்சாளர்கள் தங்கள் பதற்றம் கேட்பவர்களுக்குத் தெரிந்ததாக எண்ணிய அளவுக்கு அது தெரியவில்லை. இந்த உண்மையை முன்கூட்டியே சொல்லி மேடையேற்றியபோது, அவர்களுடைய பேச்சும் மேம்பட்டது.

எனவே உங்கள் கேள்விக்கு என் விடை: கூட்டத்துக்குப் போவது பாதி வேலை. பாதுகாப்புகளைக் கழற்றிவிட்டுப் போவது மீதிப் பாதி. அந்த மீதியை நீங்கள் இன்னும் செய்து பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

மழைக்காலம் எழுதியது:

எனக்கு அந்தப் பாதுகாப்பு, மதுவாக இருந்தது. நிகழ்ச்சிக்குப் போகும் முன் கொஞ்சம் குடித்தால்தான் பேச்சு வரும் என்ற நிலைக்குப் போய்விட்டேன். கரையோரம் அவர்கள் சொல்வது போல, நன்றாகப் பேசிய ஒவ்வொரு மாலையும் அதன் கணக்கில்தான் எழுதப்பட்டது. என் கணக்கில் எதுவும் சேரவில்லை. அதை விட்ட பிறகுதான், பேசியது எப்போதும் நானே என்பது விளங்கியது. இதைப் படிக்கும் இளையவர்கள் யாராவது அந்த வழியில் இறங்கிக்கொண்டிருந்தால் தயவுசெய்து இப்போதே யாரிடமாவது உதவி கேளுங்கள்.

வைகறை எழுதியது:

நிழல்மரம் அவர்கள் ‘விசாரணை’ என்று எழுதியதைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு நிகழ்ச்சியைவிட அதற்குப் பிந்தைய இரவுதான் கொடுமையாக இருந்தது. ஒரு வாக்கியத்தை ஏன் அப்படிச் சொன்னேன், அவர் ஏன் அந்த நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்தார் என்று புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் காட்சி இன்னும் மோசமாகிக்கொண்டே போகும். மறுநாள் காலையில் நினைவில் நிற்பது நடந்த உரையாடலாக இருக்காது. இரவெல்லாம் நான் திருத்தி எழுதிய உரையாடலாகவே இருக்கும். அடுத்த அழைப்பு வரும்போது அந்தத் திருத்திய பதிப்பை வைத்துத்தானே முடிவெடுப்போம்?

யோசிக்காதே என்று மனத்துக்குக் கட்டளையிட்டால் அது இரட்டிப்பாக யோசிக்கிறது. நான் செய்தது வேறு. வீடு திரும்பியவுடன், காட்சி மாறுவதற்கு முன்பே, கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் சில வரிகளில் எழுதிவிடுவேன். ‘அவருக்குச் சலித்துவிட்டது’ என்று எழுதக் கூடாது. அது என் ஊகம். ‘அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு வேலை மாறியதைப் பற்றி என்னிடம் கேட்டார்’ என்று எழுதலாம். இரவில் விசாரணை தொடங்கும்போது, சாட்சியம் ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்று சொல்லி எழுந்து வேறு வேலை பார்ப்பேன். எழுதி வைத்தவற்றில் முக்கால்வாசி, மனிதர்கள் என்னிடம் சாதாரணமாக நடந்துகொண்டதற்கான சான்றுகளே. இது புதிராக இருந்தது. பின்னர், 2018-இல் எரிக்கா பூத்பியும் உடன் ஆய்ந்தவர்களும் வெளியிட்ட முடிவுகளைப் படித்தேன். முதன்முறையாகச் சந்தித்துப் பேசிய இருவர், எதிரில் இருந்தவருக்குத் தம்மை எவ்வளவு பிடித்திருந்தது என்பதை உண்மையைவிடக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள் என்பது அதன் சாரம். நாம் ஒருவரைப் பார்த்து நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு போகும்போது, அவரும் நம்மைப் பற்றி அப்படியே நினைத்துக்கொண்டு போகிறார். இருவரும் அதைச் சொல்லிக்கொள்வதில்லை.

நெடுஞ்சுவர் எழுதியது:

இழையின் போக்கோடு எனக்கு ஒரு முரண்பாடு உண்டு. அமைதியாக இருப்பதையே நோயாக்கிவிடுகிறோமோ என்று அஞ்சுகிறேன். சிறு வயதிலிருந்தே நான் குறைவாகப் பேசுபவன். கூட்டத்தில் ஒரு மணி நேரம் இருந்தால் ஒரு நாள் தனிமை வேண்டும். ‘கலகலப்பாக இரு’ என்று சொல்லிச் சொல்லியே என்னை வதைத்தவர்கள் பலர். எல்லோரும் கலகலப்பானவர்களாக மாறித்தான் ஆக வேண்டுமா?

கரையோரம் எழுதியது:

மாற வேண்டியதில்லை, நெடுஞ்சுவர் அவர்களே. உங்கள் அச்சத்தை நான் மதிக்கிறேன். அமைதி என்பது சுபாவம், அதற்குச் சிகிச்சை கிடையாது, தேவையும் கிடையாது. நான் கேட்பது ஒரே கேள்விதான். வீட்டிலேயே இருக்கும் மாலையில் மனம் நிறைவாக இருக்கிறதா, அல்லது போக ஆசை இருந்தும் பயத்தால் போகாமல் ஏங்குகிறதா? நிறைவாக இருந்தால் அது உங்கள் விருப்பம். ஏக்கமாக இருந்தால் முடிவெடுத்தது பயம்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய் வகைப்பாட்டில் சமூகப் பதற்றத்தை ஒரு கோளாறாக முதன்முதலாகச் சேர்த்தது 1980-இல். 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, பிறர் தம்மை எடைபோடுவார்கள் என்ற அச்சம் பொதுவாக ஆறு மாதங்களோ அதற்கு மேலோ நீடித்து, கடும் மனவேதனையைத் தந்தோ, படிப்பையும் வேலையையும் உறவுகளையும் பாதித்தோ இருந்தால்தான் கோளாறு என்று கருத வேண்டும். பெரும்பாலும் பதின்பருவத்திலேயே தொடங்குவதால், ‘என் குணமே இதுதான்’ என்று எண்ணிப் பல ஆண்டுகள் உதவி நாடாமல் இருந்துவிடுகிறார்கள். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான். குணம் என்று நினைத்துச் சுமந்ததில் பெரும்பகுதி, குறையக்கூடியதாக இருக்கிறது.

நிழல்மரம் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கரையோரம் அவர்கள் கேட்ட கேள்விக்கு என் விடை, ஏக்கம் என்பதுதான். இரண்டு ஐயங்கள் உள்ளன. மாத்திரை எடுத்துக்கொள்ளலாமா? அடுத்த வாரம் அலுவலகத்தில் ஒரு வரவேற்பு நிகழ்ச்சி இருக்கிறது. அதில் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே பேச வேண்டியிருக்கும். அதை எப்படிச் சமாளிப்பது?

கரையோரம் எழுதியது:

மருந்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் உங்களை நேரில் பார்க்கும் மனநல மருத்துவர். பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். மருத்துவச் சிகிச்சைகளுக்கு வழிகாட்டுதல் வகுக்கும் பிரிட்டனின் நைஸ் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்களுக்கு முதலில் தர வேண்டியது இந்தக் கோளாறுக்கென்றே அமைந்த தனிநபர் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான் (எண்ணங்களையும் நடத்தையையும் பேசியும் பயின்றும் மாற்றும் முறை) என்கிறது. மருந்தை விரும்புபவர்களுக்கு எஸ்சிட்டலோபிராம் அல்லது செர்ட்ராலின் தரலாம். இவற்றின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. உடனே அமைதி தரும் பென்சோடயசெபின் வகை மாத்திரைகளை வழக்கமாகத் தர வேண்டாம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. அவற்றுக்கு அடிமையாகும் அபாயம் உண்டு. மேடை ஏறுபவர்கள் சிலர் பயன்படுத்தும் புரோப்ரனோலால் படபடப்பையும் நடுக்கத்தையும் குறைக்கும். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்தானது. நண்பர் கொடுத்தார் என்று எதையும் வாங்கி விழுங்காதீர்கள்.

தொடுவானம் எழுதியது:

கோப்பைக்கு என் யோசனை. வழக்கமாக என்ன செய்வீர்கள்? பாதி மட்டும் நிரப்புவீர்கள். இரண்டு கையாலும் பிடிப்பீர்கள். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து ஒரு மடக்குக் குடிப்பீர்கள். இந்த மூன்றையும் அன்று விட்டுவிடுங்கள்.

கிளம்பும் முன், என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதை ஒரு தாளில் எழுதுங்கள். ‘சங்கடமாக இருக்கும்’ என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. ‘கை நடுங்கும், அருகில் இருப்பவர் பேச்சை நிறுத்திவிட்டு என் கையைப் பார்ப்பார், பிறகு விலகிப் போவார்’ என்பது போலச் சரிபார்க்கக்கூடியதாக எழுதுங்கள். அங்கே போனதும் கோப்பையை இயல்பான அளவுக்கு நிரப்பி ஒரு கையால் பிடியுங்கள். பேச்சின் நடுவிலேயே குடியுங்கள். கை நடுங்கினால் நடுங்கட்டும், அடக்க முயல வேண்டாம். அந்த நேரத்தில் உங்கள் கண் உங்கள் கையில் இருக்கக் கூடாது. எதிரில் இருப்பவரின் முகத்தில் இருக்க வேண்டும். அவர் எங்கே பார்க்கிறார், பேச்சைத் தொடர்கிறாரா என்று கவனித்து வந்து, வைகறை சொன்னது போல அன்றே எழுதிவிடுங்கள். கொஞ்சம் சிந்திவிட்டாலும் துடைத்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள், அதையும் எழுதுங்கள்.

செம்பருத்தி எழுதியது:

கரையோரம் அவர்கள் அடுக்கிய பட்டியலைப் படித்தபோது என்னை அருகிலிருந்து பார்த்து எழுதியது போல இருந்தது. கதவருகே இருக்கை, மனத்துக்குள் திருத்துவது, கேள்வி கேட்டே தப்பிப்பது, மூன்றும் என்னிடம் இருக்கின்றன. எதை முதலில் விடுவது? எல்லாவற்றையும் ஒரே நாளில் விட எனக்குத் துணிவில்லை.

கரையோரம் எழுதியது:

ஒரே நாளில் விட வேண்டியதில்லை. இருக்கையிலிருந்து தொடங்குங்கள், அதற்கு யாரிடமும் ஒரு சொல்லும் பேச வேண்டியதில்லை, சற்று முன்னதாகப் போனால் போதும். நடுவில் அமர்ந்து கூட்டம் முடியும்வரை இருங்கள். அடுத்தடுத்த கூட்டங்களிலும் அதே இடத்தில் உட்கார்ந்து, அது ஒரு பொருட்டாகத் தெரியாத நிலை வந்ததும் மனத்துக்குள் திருத்துவதைக் கையில் எடுங்கள்: ஒரு கூட்டத்தில் ஒரே ஒரு கருத்தை, தோன்றிய உடனே, தோன்றிய சொற்களிலேயே சொல்லுங்கள். கேள்வி கேட்டுத் தப்பிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். கேள்விகளை நிறுத்தவும் வேண்டாம். அக்கறையோடு கேட்பவரை மனிதர்களுக்குப் பிடிக்கும். அவர் பதில் சொன்ன பிறகு உங்களைப் பற்றியும் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள், அவ்வளவுதான். முதல் கூட்டம் முடிந்ததும் இங்கே எழுதுங்கள். பதற்றம் கூடியிருந்தாலும் தயங்காமல் எழுதுங்கள். எந்த இடத்தில் கூடியது என்று தெரிந்தால், அடுத்த படியை இன்னும் சிறியதாக வெட்டிக்கொள்ளலாம்.